சர்ஃபிங் அலையைக் காசு கொடுத்து வாங்க முடியுமா? 30 லட்சம் பவுண்டு போட்டுப் பார்த்த ஊரின் கணக்கு

ஃப்ளாட் ப்ரோஷர்களில் "வசதிகள்" என்று ஒரு பக்கம் வருமே, அதை எப்படிப் படிக்கணும் என்று நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். கிளப் ஹவுஸ், ஸ்கை டெக், மினி தியேட்டர் எல்லாம் பார்த்தாச்சு. இன்னைக்கு ஒரு ஊர் நகராட்சி தன் கடற்கரைக்கு வாங்கப் பார்த்த வசதியைப் பார்க்கலாம். அந்த வசதியின் பெயர் அலை.

கடலடியில் மணல் மூட்டையையோ பாறையையோ அடுக்கி, சர்ஃபிங் பண்ணத் தோதான அலையை வரவைக்க முடியுமா? கேட்க விளையாட்டா இருக்கும். ஆனா இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல இடங்களில் இதில் நிஜப் பணம் போயிருக்கு. அதில் பெரும்பகுதி மக்களின் வரிப்பணம். நம்ம பக்கத்து கேரளாவும் லிஸ்ட்டில் உண்டு. திட்ட அறிக்கை, பட்ஜெட், ஒப்பந்தம், செயல்திறன் ஆய்வு, கடைசியில் கட்டிய கம்பெனியே மூடல் என்று ஒரு சிஏ உட்கார்ந்து படிக்க வேண்டிய எல்லாமே இதில் இருக்கு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். முடியும். ஆனா அலைக்காக மட்டுமே பணம் போட்டவங்க பெரும்பாலும் நஷ்டப்பட்டிருக்காங்க. வேறொரு தேவைக்காகப் பணம் போட்ட சிலருக்கு நல்ல அலையும் சேர்ந்து கிடைச்சிருக்கு. ஏன் இப்படி என்பதுதான் விஷயம்.

திட்டு அலையை உண்டாக்காது

கடலடியில் மேடாக இருக்கும் பாறைப் பகுதியை நம்ம மீனவர்கள் "பார்" என்பார்கள். இந்தக் கட்டுரையில் திட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆழத்திலிருந்து வரும் அலை, ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் கீழே வேகம் குறைந்து, மேலே எழும்பி, உடைகிறது. தோராயமாக, அலையின் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழம் இருக்கும் இடத்தில் உடையும். 1 மீட்டர் அலை என்றால் 1.3 மீட்டர் ஆழம் வாக்கில். அதனால் கடலடியில் மேட்டை உண்டாக்கினால் அலை அங்கே உடையும். இதுவரை சரி.

ஆனா சர்ஃபிங் பண்ண அலை உடைஞ்சா மட்டும் போதாது. ஒரே நேரத்தில் மொத்தமாகச் சரிந்து விழும் அலையில் யாரும் போக முடியாது. ஒரு முனையில் உடையத் தொடங்கி, உடைப்பு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகணும். சர்ஃபர் அதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடுவார். இந்த நகர்வு வேகமானால் ஆளால் ஈடுகொடுக்க முடியாது, மெதுவானால் சுவாரசியம் இருக்காது. இதைத் தீர்மானிப்பது திட்டின் சரிவும் கோணமும். கடலுக்கு அடியில், ஆட்டத்துக்கு நடுவில், மணல் நிரப்பிய ராட்சசப் பைகளை வைத்து அந்தச் சரிவைத் துல்லியமாகக் கொண்டுவர வேண்டும். பை கொஞ்சம் அமிழ்ந்தாலோ புரண்டாலோ கணக்கு மாறிவிடும்.

இதைவிட முக்கியமானது, வரும் அலையின் தரம். தென் தமிழகத்துக்கு அவ்வப்போது "கள்ளக்கடல்" எச்சரிக்கை வருமே, ஞாபகம் இருக்கா? உள்ளூரில் காற்றே இருக்காது, ஆனா எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து வந்து கரையில் மோதும். இப்படித் தூரத்திலிருந்து வரும் அலைக்கு ஸ்வெல் என்று பெயர். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 12, 15 விநாடி இடைவெளி, உள்ளே நிறைய சக்தி. சர்ஃபர்கள் தவம் கிடப்பது இதுக்குத்தான். பக்கத்துக் காற்றில் எழும் அலை 5, 6 விநாடிக்கு ஒன்று வரும், தளதளவென்று, பலமில்லாமல்.

திட்டு, வருகிற ஸ்வெல்லை லென்ஸ் மாதிரி கொஞ்சம் குவித்து உயரம் கூட்டலாம், வடிவம் கொடுக்கலாம். வராத ஸ்வெல்லை வரவைக்க முடியாது.

போஸ்கோம்: 14 லட்சம் 30 லட்சமான கதை

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் போர்ன்மத் நகரை ஒட்டியது போஸ்கோம். கொஞ்சம் நொடிந்துபோன கடற்கரைப் பகுதி. அதைத் தூக்கி நிறுத்த நகராட்சி ஒரு பெரிய திட்டம் போட்டது. ஒரு கார் பார்க்கிங் நிலத்தை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் பழைய பாலத்தைச் சீரமைப்பது, கடற்கரைக் கட்டிடங்களைப் புதுப்பிப்பது, கூடவே ஐரோப்பாவின் முதல் செயற்கை சர்ஃபிங் திட்டை அமைப்பது. திட்டுக்குப் போட்ட எஸ்டிமேட் 14 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் பவுண்டுக்கு 77 ரூபாய் வாக்கில் வைத்தால் சுமார் 11 கோடி ரூபாய்.

நியூசிலாந்தைச் சேர்ந்த ஏஎஸ்ஆர் என்ற நிறுவனம் கட்டியது. கரையிலிருந்து 225 மீட்டர் தள்ளி, 55 பெரிய மணல் பைகள், ஒரு ஃபுட்பால் மைதான அளவு. 2009 நவம்பரில் திறந்தார்கள். அப்போது செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது, அதாவது 23 கோடிக்கு மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இங்கே ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியே ஆகணும். திட்டு என்னென்ன செய்யணும் என்று 11 இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள். பிளிமத் பல்கலைக்கழகம் 2010-ல் அதை ஆய்வு செய்தது. 11-ல் நிறைவேறியது 4. அலை குட்டையாக, சட்டென்று முடிந்துவிடுவதாக இருந்தது. நகராட்சி கடைசித் தவணையை நிறுத்தி வைத்தது. நம்மில் எத்தனை பேர் ஒரு பாலிசி வாங்கும்போது "இது 5 வருஷத்தில் என்ன செய்யணும்" என்று எழுதி வைக்கிறோம்? அந்த 11 வரி இல்லாமல் இருந்திருந்தால், "நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு சர்ஃபிங் தெரியல" என்று கதையை முடித்திருக்கலாம்.

சரி பண்ணலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, 2011-ல் ஒரு படகின் ப்ரொப்பல்லர் பட்டுப் பைகள் கிழிந்தன. பாதுகாப்புக் காரணத்துக்காக மூடினார்கள். திறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 2012-ல் ஏஎஸ்ஆர் நிறுவனமும் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. இனி யாரிடம் போய் "சரி பண்ணிக் கொடு" என்று கேட்பது? வாரன்ட்டி என்பது அதைக் கொடுத்த கம்பெனி உயிரோடு இருக்கும்வரைதான். "அஷ்யூர்டு ரென்ட்" ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியை மட்டும் நினைச்சுக்கோங்க.

ஆனா பேஸிக் தப்பு பையில் இல்லை என்பது என் கருத்து. போர்ன்மத் இருப்பது இங்கிலீஷ் கால்வாயின் உள்ளே. அட்லாண்டிக் ஸ்வெல் அங்கே வருவதற்குள் பாதி இளைத்துப் போய்விடும். பெரும்பாலான நாட்களில் மிஞ்சுவது உள்ளூர்க் காற்று அலை. கையில் வருமானமே இல்லாதவர் முதல்தரமான பட்ஜெட் ஆப் வாங்கின மாதிரி.

கை கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எல்லாம் நான் வைத்த உத்தேச எண்கள்தான். திட்டு உடையாமல் 10 வருஷம் ஓடியிருக்கு, வருஷத்துக்கு 50 நல்ல நாள், நாளுக்கு 20 பேர் என்று தாராளமாகவே வைப்போம். 10 × 50 × 20 = 10,000 பேர்-நாள். 30 லட்சத்தை வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 பவுண்டு. 23,000 ரூபாய்! பராமரிப்பு, வட்டி எதுவும் சேர்க்காமலேயே. ஒரு குட்டித் திட்டில் ஒரே நேரத்தில் நிறைய பேர் ஏறவும் முடியாது. அதனால் ஆள் கணக்கைக் கூட்டி இதைச் சரிக்கட்டுவதும் கஷ்டம்.

நகராட்சிப் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. திட்டைச் சுற்றிய பரபரப்பில் போஸ்கோம் கடற்கரை மீது கவனம் திரும்பியது, அந்தப் பகுதியே மேம்பட்டது என்றார்கள். இருக்கலாம். ஆனா அதே சமயத்தில் பாலமும் புதுசாச்சு, கட்டிடங்களும் புதுசாச்சு. முன்னேற்றத்தில் எவ்வளவு திட்டுக்கு, எவ்வளவு பாலத்துக்கு? மூன்று செலவைச் சேர்த்துச் செய்துவிட்டு, மொத்த லாபத்தையும் தோற்றுப்போன செலவின் பெயரில் எழுதுவதை ஆடிட்டில் நாங்கள் அப்படியே விடமாட்டோம்.

எடுக்கற செலவை யார் எழுதினாங்க?

கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ கதை வேற மாதிரி. 1980-களில் செவ்ரான் நிறுவனம் தன் குழாய்களைப் பாதுகாக்கக் கடலுக்குள் ஒரு கல் தடுப்பு கட்டியது. அதனால் அங்கே இருந்த சர்ஃபிங் அலை கெட்டது. மாநிலக் கடற்கரை ஆணையம் இழப்பீடு கேட்டு, 3 லட்சம் டாலர் கிடைத்தது. ஒரு அலைக்கு அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக விலை வைத்த முதல் சம்பவம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அந்தப் பணத்தில் 2000, 2001-ல் சுமார் 200 மணல் பைகளைப் போட்டு "பிராட்ஸ் ரீஃப்" உருவானது. பட்ஜெட்டுக்கு ஏற்ற சைஸ். கடலுக்கு ஏற்ற சைஸ் இல்லை. அலையில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. 2008-லிருந்து பைகளை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நியூசிலாந்தின் மவுன்ட் மௌங்கானுயியிலும் இதே முடிவு. 2005-ல் தொடங்கிய திட்டு முழுமையடையவே இல்லை. அதைச் சுற்றிக் கடலடியில் பள்ளம் விழுந்தது, நீரோட்டமும் ஆபத்தானது. 2014-ல் அகற்றினார்கள்.

கணக்கு ஸ்டாண்டர்டு இந்த் ஏஎஸ் 16 என்ன சொல்லுது தெரியுமா? ஒரு சொத்தைப் பின்னாளில் கழற்றி அகற்றி இடத்தைச் சரிசெய்யும் கடமை இருந்தால், அந்தச் செலவையும் இன்றைக்கே மதிப்பிட்டு சொத்தின் விலையில் சேர்க்கணும். சர்ஃபிங் திட்டு விற்பவர்களின் பிரசன்டேஷனில் அந்த வரி இருக்காது. நமக்கும் அப்படித்தான், லோன் ஃபோர்குளோஷர் கட்டணம், பாலிசி சரண்டர் கழிவு எல்லாம் வாங்குற அன்னைக்கு யாரும் பேசமாட்டாங்க.

கேரளாவின் கோவளத்திலும் 2010-ல் அதே ஏஎஸ்ஆர் மணல் பைத் திட்டு ஒன்றை அமைத்தது (இசிஆரில் வீக்எண்டு சர்ஃபிங் கத்துக்கப் போறோமே, அந்தக் கோவளம் இல்லை). அங்கே ஸ்வெல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனா பைகள் பருவமழைக் கடலுக்கு அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அலை இல்லாத இடத்தில் திட்டு வீண். அலை பலமான இடத்தில் பை வீண். மலிவு என்பதால் பையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

கோல்டு கோஸ்ட் என்ன வித்தியாசமா செஞ்சது?

ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டுக்குத் தலையாய கவலை மணல் அரிப்பு. கடற்கரை போனால் ஓட்டல் போச்சு, வீடு போச்சு, சுற்றுலா போச்சு. அதனால் 1999-2000-ல் நேரோநெக் என்ற இடத்தில் சுமார் 400 மணல் பைகளைப் போட்டது முதலில் மணலைப் பிடித்து வைக்கத்தான். சர்ஃபிங் இரண்டாவது நோக்கம். அலை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் திட்டம் வீண் ஆகவில்லை. பின்னாளில் புதுப்பித்து இன்னும் வைத்திருக்கிறார்கள். 2019-ல் பாம் பீச்சில் அடுத்ததைக் கட்டியபோது பையை விட்டுவிட்டுப் பெரிய பாறைகளுக்கு மாறினார்கள். நோக்கம் அதே கரைப் பாதுகாப்பு. நல்ல ஸ்வெல் வரும் நாட்களில் சர்ஃபர்களும் அங்கே இறங்குகிறார்கள்.

இதெல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட அலை ஒன்று அதே ஊரில் இருக்கு. யாரும் அதை டிசைன் பண்ணவே இல்லை. ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தில் 1960-களில் நீட்டிய சுவர்கள் வடக்கே போக வேண்டிய மணலைத் தடுத்துவிட்டன. அதைச் சரிக்கட்ட இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து 2001-லிருந்து மணலை பம்ப் செய்து ஆற்றின் மறுபக்கம் தள்ளுகின்றன. வருஷத்துக்கு 5 லட்சம் கன மீட்டர் வாக்கில். அந்த மணல் ஸ்னாப்பர் ராக்ஸிலிருந்து கிர்ரா வரை நீளமான மேடையாகப் படிந்து, "சூப்பர்பேங்க்" என்று உலகப் புகழ்பெற்ற அலையாகிவிட்டது. கிர்ராவில் ஏற்கெனவே இருந்த அருமையான அலை இதனால் மணலில் மூழ்கியது என்பதும் உண்மை. பழைய சர்ஃபர்களுக்கு அந்தக் கோபம் நியாயம்.

நம்ம தூத்துக்குடி பக்கம் வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட் திட்டுகள் இறக்கியதும் இந்த வகைதான். தீவு அரிக்காமல் இருந்தாலே போட்ட பணத்துக்கு அர்த்தம் உண்டு. மீன் கூடினால் அது மேல்வரும்படி.

இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவாங்க. நீங்க குடியிருக்கப் போறீங்க, இஎம்ஐ சம்பளத்துக்குள்ள அடங்குது, ஆபீஸ் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம் என்றால் அந்த ஃப்ளாட் நேரோநெக் மாதிரி. விலை ஏறினா சந்தோஷம், ஏறாவிட்டாலும் குடியிருந்த பலன் கையில் இருக்கு. "5 வருஷத்தில் டபுள் ஆகும், அதனால இப்ப 65% சம்பளம் இஎம்ஐக்குப் போனாலும் பரவாயில்ல" என்று வாங்கினால் அது போஸ்கோம். விலையேற்றம் என்கிற ஸ்வெல் வந்தே ஆகணும். அந்த ஏரியாவுக்கு மெட்ரோ வருதா, கம்பெனிகள் வருதா என்பது கடலின் கையில். நுழைவாயில் வளைவும் ஸ்கை டெக்கும் வெறும் திட்டு.

யாராவது கடலோர ரிசார்ட், சர்ஃப் வில்லா என்று பங்கு விற்க வந்தால், 3டி படத்தை ஓரமா வச்சிட்டு மூணு பேப்பர் கேளுங்க: அந்த இடத்தில் மாதவாரியாக வரும் அலையின் உயரமும் விநாடி இடைவெளியும், பைக்குப் பதில் பாறை போட்டால் ஆகும் செலவு, அகற்ற வேண்டி வந்தால் அதை யார் கட்டுவார்கள் என்ற ஒப்பந்த வரி. மூணில் ஒண்ணு இல்லைன்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மேலே போட்ட பேர்-நாள் கணக்கை கிளப் ஹவுஸ், ஜிம் மெம்பர்ஷிப், டைம்ஷேர் எதுக்கும் போட்டுப் பார்க்க ஒரு எக்செல் ஷீட் செஞ்சு வச்சிருக்கேன். வீடியோவின் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டங்களில் மட்டும் உங்க எண்ணைப் போடுங்க. "வருஷத்துக்கு எத்தனை நாள் நிஜமா போவீங்க" என்ற கட்டத்தை வீட்டில் இருக்கிற இன்னொருத்தர் நிரப்பட்டும்.