மாதிரி ஜெட் விமானம்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருஞ்சாலையில் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. குன்றைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருத்தலின் ஊர் இப்பெயர் பெற்றது. இங்கிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் மருங்கில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் பல விளங்குகின்றன. மயிரிழையினும் நுண்ணிய அளவு பிழையாமல் உறுப்புக்களைக் கடைந்தெடுத்தல் இத்தகைய தொழிலுக்கு இன்றியமையாதது. அதே நுட்பம் விளையாட்டு விமானம் ஒன்றற்கும் வேண்டும் என்றால் வியப்பன்றோ? வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஜெட் விமானமே அது.

இதன் எஞ்சின் ஒரு செம்பின் அளவே இருக்கும். முன்னுள்ள சக்கரம் காற்றை உள்ளிழுத்து அழுத்துகின்றது. அடுத்துள்ள அறையில் மண்ணெண்ணெய் அக்காற்றுடன் கலந்து எரிகின்றது. வெப்பமுற்று விரிந்த காற்று, டர்பைன் என்னும் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே பாய்கின்றது. அப்பாய்ச்சலே விமானத்தை முன்தள்ளுகின்றது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழலும். எடை ஒருபுறம் சிறிது மிகினும் பேரிங்குகள் சிதையும். அவை தேயாதிருக்கவே எரிபொருளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு எண்ணெய் கலக்கப்படுகின்றது. இத்தகைய எஞ்சினைத் தனிமனிதரும் செய்யலாம் என்பதை 1980களின் பிற்பகுதியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்னும் ஜெர்மானியர் மெய்ப்பித்தார். காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் ஒட்டுப்பலகையாற் செய்து, கரியிழையால் வலுப்படுத்தினார்.

விமானத்தைப் பறக்கவிடுமுன் செய்யவேண்டுவன பல. அதன் எடை உரிய இடத்தில் சமன்பட்டு நிற்றல் வேண்டும். எரிபொருட் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் தீ அணைந்துவிடும்; ஆதலின் குமிழியைத் தடுக்கும் சிறுகலம் ஒன்று இடையே பொருத்தப்படும். தீயணைக்கும் கருவி அருகில் இருத்தல் வேண்டும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, சிவப்பு எனக் குறிக்கப்பட்ட வான்பகுதியில் மைய அரசின் இசைவின்றிப் பறக்கவிடலாகாது.

இவற்றினும் தலையாய சோதனை ஒன்றுண்டு. விமானத்தைத் தரையில் இறுகப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போதே கையிலுள்ள வானொலிக் கருவியை நிறுத்துதல் வேண்டும். உடனே எரிபொருள் தடைப்பட்டு எஞ்சின் அடங்குதல் வேண்டும். அடங்காதாயின், அன்று அவ்விமானம் பறத்தல் தகாது. ஏன்? வானில் அலைத்தொடர்பு அறுமாயின், ஆள்வோன் இல்லாத விமானம் எரியும் எண்ணெயோடு ஊருக்குள் விரைந்து பாயக்கூடும். எஞ்சின் நின்றுவிடின் அது நெடுந்தொலைவு செல்லாது விழும். பல திங்கள் உழைத்துச் செய்த விமானம் நொறுங்கலாம். ஆயினும் மனித உயிர் காக்கப்படும்.

தொழிற்சாலையின் பெரும்பொறிகளிலும் செந்நிற நிறுத்துவிசை கைக்கெட்டும் இடத்தில் அமைந்திருக்கும். ஆற்றலைப் படைக்கக் கற்பவர் அதனை அடக்கவும் கற்றல் வேண்டும். அடக்கமுடைமைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வறம் மாந்தர்க்கு மட்டுமன்றி, அவர் ஆக்கும் பொறிகளுக்கும் பொருந்துவதாம்.