ஊர்ப்பேரோடு போன தாளம்

புதுக்கோட்டை ஒரு காலத்தில் தனி நாடு. பெருமைக்குச் சொல்லவில்லை, 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைகிற வரைக்கும் தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம் அது. சொந்தமாகக் காசு அடித்துக்கொண்டார்கள். அம்மன் காசு என்று பேர். நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் சதுர மைல்தான் மொத்தப் பரப்பு. எங்கள் பொன்னமராவதி திருமயம் தாலுகாவுக்குள் தென்மேற்கு ஓரமாகக் கிடந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் வேறு சீமை.

இத்தனூண்டு ராஜ்யத்தின் தாளம் டொராண்டோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கிறது. கிராமி விருது மேடை வரைக்கும் போயிருக்கிறது. அது எப்படிப் போனது, இன்றைக்கு எங்கள் பக்கத்து மேளக்காரர்கள் உலகத்தின் காதுக்கு எப்படிப் போகிறார்கள் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அன்று மெதுவாகப் போனது, பேரோடு போனது. இன்று ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுகிறது. பேர்தான் கூடப் போவதில்லை.

மான்பூண்டியா பிள்ளையில் ஆரம்பிக்க வேண்டும். புதுக்கோட்டை அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் படித்தார். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரிக்குத் தகுந்த வாத்தியமாக்கி, பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தவர் அவர்தான். 1922இல் காலமானார்.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்த்தால் இதுவா அந்தச் சத்தம் போட்டது என்று சந்தேகம் வரும். பலாக்கட்டையில் கடைந்த வளையம். ஒரு சாண் அகலம்கூடத் தேறாது. ஒரு பக்கம் உடும்புத் தோல். வளையத்தில் ஒரே ஒரு கீற்று வெட்டி, அதற்குள் இரண்டு மூன்று காசுகளைக் கம்பியில் கோத்திருப்பார்கள். தோலின் உள்பக்கம் தண்ணீரைத் தொட்டுத் தடவினால் சுருதி இறங்கி அடித்தொனி வரும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து ஏறிவிடும். மறுபடி தடவ வேண்டும். வாசிக்கிறவர் பக்கத்தில் ஒரு கிண்ணித் தண்ணீர் இருப்பது அதற்காகத்தான். பிடித்திருக்கிற கையின் விரலாலேயே தோலை அழுத்தித் தொனியை வளைப்பார்கள். அடிக்கிறது ஒரே கை. இரண்டு கையால் வாசிக்கிற மிருதங்கத்துக்கு அந்த ஒரு கையால் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே கணக்கு பலமாக இருந்தே தீர வேண்டும். புதுக்கோட்டை வழி கணக்குக்குப் பேர்போனது என்றால் அதில் பாதிக் காரணம் இந்தச் சின்ன வளையம்தான் என்பது என் கட்சி.

மான்பூண்டியாவின் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டும் அவர் கைக்கு ஒன்றுதான். 1936இல் அவர் மறைந்தபோது ‘புதுக்கோட்டை’ என்பது சங்கீத உலகத்தில் ஓர் ஊரின் பேராக மட்டும் இல்லை. ஒரு வாசிப்பு முறைக்கே பேராகியிருந்தது. இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் சுப்பிரமணிய பிள்ளையிடம்தான் கதை திரும்புகிறது.

சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருந்தால்தான் சத்தம் ஜனங்களுக்குப் போகும். இடது கைக்காரர் உட்கார வேண்டுமென்றால் பக்கம் மாற வேண்டும். அவர் மாறினால் வயலின்காரரும் மாற வேண்டும். அப்படி மாறினால் வயலினின் நாதம் சபைக்கு முதுகைக் காட்டும். எந்த வயலின்காரர் சம்மதிப்பார்? அவ்வளவு பெரிய கை இந்த ஒரு சிக்கலால் முடங்கிப்போயிருக்கும். செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக அவரைத் தன் கச்சேரிகளில் உட்காரவைத்து ஆளாக்கினார். மேடைக்குக் கூப்பிடுகிறவர் தன் வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்காமல் அந்த உதவி நடந்திருக்காது.

அந்தப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன். 1971இல் கனடாவுக்குப் போய், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். தமிழும் தெலுங்கும் பாடி நம் சபாக்களில் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று பேரெடுத்த அதே அமெரிக்கர்தான் இந்த ஹிக்கின்ஸ். சங்கரன் அங்கே பல பத்தாண்டுகள் மிருதங்கமும் கஞ்சிராவும் சொல்லிக்கொடுத்தார். 2011இல் சங்கீத கலாநிதி ஆனார். பனி பெய்கிற ஊரில் ஒரு பையன் தகதிமி சொல்லிப் பழகும்போது, இது மான்பூண்டியாவிலிருந்து வருகிற வழி என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். குருபரம்பரை என்பதை நாம் விழுந்து கும்பிடுகிற சமாச்சாரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சரக்கோடு விலாசத்தையும் சேர்த்து அனுப்புகிற ஏற்பாடு அது.

இந்த வழியின் இன்னொரு கிளை கஞ்சிரா வித்வான் ஹரிசங்கர். ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியிடம் பயின்றவர், கஞ்சிராவைத் தனி ஆவர்த்தனத்தின் நடுநாயகமாக்கிவிட்டு 2002இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அவரிடம் பாடம் கேட்டவர் செல்வகணேஷ், விக்கு விநாயக்ராமின் மகன். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் ஆகியோரோடு செல்வகணேஷும் சேர்ந்த ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமெண்ட்’ ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அரண்மனை விளக்கேற்றியவர் மேடையேற்றிய அந்த வளையம் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய்விட்டது என்று புதுக்கோட்டையில் ஒரு போஸ்டராவது ஒட்டியிருக்கலாம். நான் பார்த்தவரை இல்லை.

தவிலுக்கும் இப்படி ஒரு கை கிடைத்தது. கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் முழங்குகிற வாத்தியத்தை குன்னக்குடி வைத்தியநாதன் தன் வயலினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வயலினுக்குத் தவிலா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கேட்கக் கூடிய கூட்டம் அதற்குப் பதில் சொன்னது. அந்தத் தவில் வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்தினுடையது. பின்னாளில் பத்மஸ்ரீ ஆனார். அவர் போன இடமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்து வலையப்பட்டியும் போயிற்று.

செட்டியார்களை விட்டுவிட்டு இந்தப் பக்கத்துச் சங்கீதத்தைப் பேச முடியாது. கொப்பனாபட்டி, வேகுப்பட்டி, மேலைச்சிவபுரி வளவு வீடுகளில் கல்யாணம், சாந்தி என்றால் மேளம் நாள்கணக்கில் ஒலிக்கும். வித்வான் யார் என்று விசாரித்துத்தான் அழைப்பார்கள். எந்த மேளச் செட்டு வந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் கல்யாணத்தையே பின்னால் பேசுவார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். கோயில் என்றால் மேளம் வேண்டும். கப்பலேறிப் போன நாதஸ்வரக்காரருக்கு அங்கே காத்திருந்தவர்கள் அவர் ஊரையும் பேரையும் அறிந்தவர்கள். சர்வதேச அங்கீகாரம் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘அக்கரைக்குப் போயிருக்கார்’ என்பதோடு சரி.

கிராமபோன் வந்த காலத்தை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருக்கிறவர்களுக்கு எது யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. மூன்று நிமிஷத் தட்டில் பேர் சொல்ல இடம் இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துக் கொன்னையூருக்கு வாருங்கள். மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா. நாட்டார்கள் திரண்டு வருகிற நாளில் தப்பு, உருமி, நையாண்டி மேளம், கொம்பு, நடுவில் ஒரு செண்டை மேளம் என்று காது ஒவ்வொரு பக்கமாக இழுபடும். அடிக்கிறவர்களைவிட செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பவர்கள் அதிகம். பொழுது விடிவதற்குள் அது துபாயிலும் சிங்கப்பூரிலும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் மட்டுமில்லை, தமிழே தெரியாதவர்களும் பார்க்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தவில்காரத் தம்பி தன் போனில் அப்படி ஒன்றைக் காட்டினான். முகூர்த்தம் முடிந்து, விரலில் கூடுகளைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். துணியைப் பசை வைத்துச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்கிற கூடு, கழற்ற நேரமாகும். அந்தக் கூட்டோடு திரையைத் தள்ள முடியாமல் கட்டை விரலால் தள்ளினான்.

“லட்சக்கணக்குல பாத்திருக்காங்கண்ணே.”

“யாரு போட்டது தம்பி?”

“தெரியலண்ணே. கல்யாணத்துக்கு வந்த யாரோ.”

கீழே இருந்த தலைப்பு ‘வேற லெவல் தவில்’. கருத்துகளில் யாரோ ஒருவர் வேற்று மொழியில் என்னவோ கேட்டிருந்தார். யார் இவர், எந்த ஊர் என்றுதான் கேட்டிருப்பார் என நினைக்கிறேன். பதில் இல்லை. அந்த ஆளே வேண்டும் என்று ஒரு அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கம் நினைத்தாலும், லட்சம் பேர் பார்த்த பையனைப் பிடிக்க ஒரு வழியும் இல்லை.

பாடகர்களுக்கு நிலைமை தேவலை. இதே மாவட்டத்துக் களபம் கிராமத்துக்காரர் செந்தில் கணேஷ். 2018இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் ஜெயித்தார். மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடியவர். கச்சையும் சலங்கையுமாக நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுபோய் சினிமாப் பாட்டுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஊர் ஊராகத் திருவிழா மேடையில் பாடியவர்களுக்கு அதன்பிறகு வெளிநாட்டு மேடைகள் திறந்தன. டிவிக்காரர்கள் மேல் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் பாடுகிறவர் பேரைத் திரையின் அடியில் எழுதிப் போடுகிறார்கள். அந்த ஒரு வரி செய்கிற வேலை கொஞ்சமில்லை. பின்னால் உட்கார்ந்து பம்பையும் தவிலும் அடிக்கிறவர்களுக்கு அந்த வரியும் கிடையாது.

பேர் இருந்தாலும் போதாது என்பதற்கு ‘எஞ்சாயி எஞ்சாமி’ சாட்சி. 2021 மார்ச்சில் வந்தது. தமிழ்த் தனியிசைக் கலைஞர்களை உலகத்துக்குக் கொண்டுபோவதற்கென்றே தொடங்கப்பட்ட ‘மாஜா’ வழியாக வந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதையைப் பாடகர் அறிவு தன் பாட்டியிடமிருந்து எடுத்து எழுதினார். பாடகி தீயோடு சேர்ந்து பாடினார். கோடிக்கணக்கில் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தனியாக அட்டை வந்தது. மறுவருஷம் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு மேடையேறியபோதும் அவர் அங்கே இல்லை. வருமானம் யாருக்குப் போனது என்ற சண்டை 2024இல் வெளியே வந்தது. இத்தனை பேர் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு கலைஞனுக்கே இந்தக் கதி என்றால் கொன்னையூரில் உருமி இழுக்கிறவர் எந்த மூலை?

பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குப் பேர் போனது யாருக்கு? சமஸ்தானமும் சபாவும் வளவும் யாரை உள்ளே விட்டனவோ அவர்களுக்கு. தப்படித்தவர் பேரை எந்த மகாராஜாவும் எழுதிவைக்கவில்லை. எந்த வளவின் பட்டகசாலைக்குள்ளும் அவரை ஏற்றவில்லை. செல்போன் அந்த வாசலை உடைத்துவிட்டது. இன்று பறைக்குத் தனிக் குழுக்கள் இருக்கின்றன, பெண்கள் அடிக்கிறார்கள், வெளிநாடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பு வைத்துப் படிக்கிறார்கள். அந்த வகையில் இன்றைக்குத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாத்தியமும் மாறித்தான் போயிருக்கிறது. தவிலுக்கு முன்பெல்லாம் வாரை இழுத்துக் கட்ட ஆள்பலம் வேண்டும். இப்போது இரும்பு வளையம், போல்ட்டு, நட்டு, ஒரு ஸ்பேனர். மழையில் தொய்ந்தாலும் இரண்டு திருகில் சுருதி ஏறிவிடும். எடை கூடிவிட்டது என்று தோள்பட்டையைத் தடவிக்கொள்கிறார்கள். விமானத்தில் ஏற்றும்போது அந்த எடைக்குக் காசும் கட்ட வேண்டும். கஞ்சிராவுக்கு வந்தது வேறு சிக்கல். உடும்பு 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. உலக நாடுகளின் வணிகத் தடையிலும் முதல் வரிசை. அந்தத் தோலோடு எல்லை தாண்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆகவே ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. பழைய காதுகளுக்கு அந்த நாதம் சப்பென்று இருக்கிறதாம். உடும்புக்கு நிம்மதி.

வெளிநாட்டுக் கோயில்களுக்கு ஒப்பந்தத்தில் போகிற நாதஸ்வர, தவில்காரர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட், விசா என்று நீளும் வேலையில் பலர் முதலில் தடுக்கி விழுவது தங்கள் பேரில்தான். ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, செட்டு அழைக்கிற பேர் இன்னொன்று. இயல் இசை நாடக மன்றத்திலும் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்திலும் பதிந்து அட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு, நான் இன்ன கலைஞன் என்று காட்டக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். எங்கள் பக்கத்து மேளக்காரர்களில் அட்டை இல்லாதவர்கள் அதற்கு ஒரு நாள் கூலியைக் கணக்குப் பார்க்காமல் போய்விட்டு வரலாம்.

எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் ஒரு நல்ல பழக்கம் இன்னும் சாகவில்லை. உபயதாரர் பட்டியலுக்குக் கீழே, நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், எந்த ஊர், செல் நம்பர் என்று அச்சடிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் சில வீடுகளில் போடுகிறார்கள். வீடியோ ஏற்றுகிறவர்கள் ‘வேற லெவல்’ என்று தட்டச்சு செய்கிற நேரத்தில் அந்த வரியைப் பார்த்து பேரையும் ஊரையும் எழுதிவிடலாம். தப்புக்காரர்களின் பேரை நோட்டீஸில் சேர்ப்பது கமிட்டிக்காரர்கள் வேலை. அடுத்த பங்குனிக்கு இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.