புதிய விண்டோஸும் பழைய கணினியும்

யாழ்ப்பாணத்து இல்லங்கள் பலவற்றில், உயர்தர வகுப்பு மகனுக்காக வாங்கிய கணினியே இன்று தங்கையின் பாடங்களுக்கும், கனடாவிலுள்ள மாமாவுடன் முகம்பார்த்து உரையாடவும் பயன்படுகின்றது. அதனை இயக்கும் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. 2015இல் அது வெளிவந்தபோது இதுவே கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசொப்ற் ஊழியர் ஒருவர் கூறியதை எண்ணினால் நகைப்பே வருகின்றது!

கணினி நின்றுவிடாது, ஆயின் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைபடா. வங்கிக் கணக்கை அதில் திறப்போர் கவனிப்பாராக.

2021இல் வந்த விண்டோஸ் 11இல் தொடக்கப் பொத்தான் நடுவுக்கு வந்தது. சாளரங்களின் மூலைகள் வளைந்தன. விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு அது இலவசமே. செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கின்றது. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்ரெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை முதலான செயலியும் வேண்டுமாம். 2017க்கு முந்திய கணினிகள் அநேகமாக இதிலேயே தவறிவிடும்.

எனினும் பெற்றோரே, உண்டியலை உடைக்குமுன் மைக்ரோசொப்ற் இலவசமாகத் தரும் பி.சி. ஹெல்த் செக் செயலியால் சோதித்துப் பாருங்கள். அவ்வசதி உள்ளே இருந்தும் அணைக்கப்பட்டிருப்பதுண்டு. அறிந்தவர் சில நிமிடத்தில் இயக்கிவிடுவார். தகுதியற்ற கணினிக்கு 2026 ஒக்டோபர் 13 வரை 30 டொலருக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது; கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ற் கணக்கில் சேமிப்போருக்கு அப்பணமும் வேண்டியதில்லை. அதற்கப்பால் லினக்ஸ் மின்ற் உண்டு. அதற்கு விலையில்லை, தமிழும் தெளிவாகத் தெரியும். எவ்வழி செல்வதாயினும், பிள்ளைகளின் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் முதலில் வேறொரு வன்தட்டில் பிரதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.