உங்களுக்குத் தெரியுமா? 200 டாலர் துப்பாக்கி வரி

அமெரிக்காவில் தனியார் ஒருவர் இயந்திரத் துப்பாக்கியைச் சட்டப்படியே வைத்திருக்கலாம். ஆனால் அது 1986 மே 19-க்கு முன்பே அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். புதிதாக எதுவும் சேர வழியில்லாததால், பழையவற்றின் விலை பல்லாயிரம் டாலருக்கு எகிறிவிட்டது.

இந்தப் பதிவேட்டுக்கு வேர், 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம். சிகாகோ போன்ற நகரங்களில் மதுக் கடத்தல் கும்பல்கள் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியோடு மோதிக்கொண்ட காலத்தின் விளைவு அது. மத்திய அரசு நேரடியாகத் தடை போடவில்லை. தன்னிடமிருந்த வரி அதிகாரத்தைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி. அன்று ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான்!

16 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ரைபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ஷாட்கன், சைலன்சர் ஆகியவையும் இதே பட்டியலில் உண்டு. குழல் அளவு ஏன்? முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. நீளத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்கி யாரும் தப்பிவிடக் கூடாது என்று இந்த விதியைச் சேர்த்தார்கள். எதிர்ப்பால் கைத்துப்பாக்கி நீங்கியது. அதற்குத் துணையாக வந்த விதி மட்டும் நின்றுவிட்டது. சட்டம் இயற்றியவர்கள் அப்போதே திருத்தியிருக்க வேண்டிய முரண் இது.

தொண்ணூறு ஆண்டுகள் அந்த வரி ஒரு டாலர்கூட உயரவில்லை. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் வரி பூஜ்யம். ஆனால் பதிவு, கைரேகை, பின்னணிச் சோதனை எதுவும் நீங்கவில்லை. பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டுகள் வரை சிறை.