தனிமரமும் தோப்பும்: தாமஸ் கோப்பையின் வரலாறு

முன்னுரை

கம்பளி நூற்பந்தை மட்டையால் அடித்து, அணிக்கு ஐவராக நின்று ஆடும் பூப்பந்தாட்டம் நம் கல்லூரித் திடல்களில் நெடுநாளாக வழங்கி வருவதாகும். அதற்கு நெருங்கிய உறவாக விளங்குவது இறகுப்பந்தாட்டம். ஒருவரை ஒருவரோ, இருவரை இருவரோ எதிர்த்து நிற்கும் இவ்விளையாட்டில், புகழ் யாவும் தனிவீரர்க்கே உரியது எனப் பலரும் கருதுவர். அக்கருத்து எத்துணைக் குறைபாடுடையது என்பதை உணர்த்தும் சான்றாகத் திகழ்வது, நாடுகளுக்கிடையே நடைபெறும் ஆடவர் அணிப்போட்டியான தாமஸ் கோப்பை. அதன் வரலாற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

கோப்பை பிறந்த கதை

சர் ஜார்ஜ் தாமஸ் இங்கிலாந்து நாட்டவர். அகில இங்கிலாந்து இறகுப்பந்துப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூவகையிலும் சேர்த்து 21 பட்டங்களை வென்றவர். சதுரங்கத்திலும் வல்லவரான இவர், 1934-35ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காப்பாபிளாங்காவையும் போட்வின்னிக்கையும் வென்றார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1934இல் ஒன்பது அமைப்புகள் கூடிப் பன்னாட்டு இறகுப்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தபோது, இவரே அதன் முதல் தலைவரானார்.

டென்னிசில் டேவிஸ் கோப்பை இருப்பதுபோல் இறகுப்பந்துக்கும் நாடுகள் பொருதும் போட்டியொன்று வேண்டும் என இவர் விழைந்தார். 1939இல் வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய, 28 அங்குல உயரமுள்ள சுழற்கோப்பையைக் கழகத்திற்கு வழங்கினார். ஆயின், இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. கோப்பை இருந்தும் போட்டி நடைபெறாமல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன.

மலாயாவின் எழுச்சி

1948-49ஆம் பருவத்தில் முதற்போட்டி நடைபெற்றது. பத்து நாடுகள் கலந்துகொண்டன. இறகுப்பந்தாட்டத்தின் தாயகம் என்று பெருமை கொண்டிருந்தது இங்கிலாந்து. அந்நாட்டின் பிரஸ்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், அன்று பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த மலாயா, டென்மார்க்கை 8-1 என வென்றது. விடுதலை பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மலாயா உலக வாகை சூடிவிட்டது. வோங் பெங் சூன் போன்ற வீரர்களின் துணையால் 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை மலாயாவிடமே நிலைத்தது. 1958இல் சிங்கப்பூரில் இந்தோனேசியா 6-3 என வென்று அதனைக் கைப்பற்றியது.

அக்காலத்தில் போட்டி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்றது. ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர் என ஒன்பது ஆட்டங்கள் இரண்டு நாள்களில் நிகழும். முன்னைய வெற்றியாளர் தகுதிச் சுற்றுகளில் ஆடாமல் நேரே இறுதியாட்டத்திற்கு வந்துவிடலாம். அரியணையில் இருப்பவர்க்கு இத்தகைய சலுகை தகுமா என்னும் வினா எழுந்தது. 1964க்குப் பின்னர் விதி திருத்தப்பட்டு, வெற்றியாளரும் அரையிறுதியில் ஆடவேண்டியதாயிற்று.

ஜகார்த்தா தரும் பாடம்

இவ்வரலாற்றில் நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய ஆண்டு 1967. இந்தோனேசியாவும் மலேசியாவும் தம்முள் பூண்டிருந்த பகைமை முடிவுக்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. இறுதியாட்டம் ஜகார்த்தாவில் நடந்தது. இந்தோனேசியாவின் 17 வயது இளைஞர் ரூடி ஹார்ட்டோனோ தம் ஒற்றையர் ஆட்டங்களில் வென்றார். எனினும் அணியின் கணக்கில் மலேசியாவே 4-3 என முன்னணியில் நின்றது. எட்டாவது ஆட்டத்தின்போது பார்வையாளர்களின் கூச்சலும் இடையூறும் எல்லை மீறவே, தலைமை நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்தினார். எஞ்சியவற்றை நியூசிலாந்தில் ஆடுமாறு கழகம் பணித்தது. இந்தோனேசியா அதற்கு இசையாமையால், 6-3 என்ற கணக்கில் கோப்பை மலேசியாவுக்கு வழங்கப்பட்டது.

தம் வீரர்பால் கொண்ட அன்பே அவ்வீரர்க்குக் கேடாய் முடிந்தது. ஆடுகளத்தில் போராடி வெல்லும் வாய்ப்பு அவர்க்கு எஞ்சியிருந்தது. அதனைப் பறித்தவர் எதிரணியினர் அல்லர். அவரை வாழ்த்தி முழங்கியவர்களே. பார்வையாளரும் விளையாட்டின் ஓர் உறுப்பு என்பதையும், உறுப்பு நெறி தவறின் உடல் முழுதும் நோகும் என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ரூடி ஹார்ட்டோனோ சோர்ந்துவிடவில்லை. பின்னாளில் அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1970 முதல் 1979 வரை நான்கு முறை தொடர்ந்து தாமஸ் கோப்பையை வென்ற அணிகளிலும் அவர் இடம்பெற்றார்.

மாறிய முறைகள், மாறிய கைகள்

1982இல் இலண்டனில் சீனா முதன்முறையாகப் பங்கேற்றது. முதல்நாள் முடிவில் 1-3 எனப் பின்தங்கியிருந்தும், மறுநாள் மீண்டெழுந்து இந்தோனேசியாவை 5-4 என வீழ்த்தியது. 1984 முதல் போட்டி ஈராண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. ஆட்டங்களும் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் என ஐந்தாகச் சுருங்கின. மகளிர்க்கென 1957இல் தொடங்கிய ஊபர் கோப்பையும் அவ்வாண்டு முதல் உடன் நடைபெறலாயிற்று.

1992இல் கோலாலம்பூரில் மலேசியா 25 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வென்றது. 2014இல் புதுதில்லியில் ஜப்பானும், 2016இல் சீனாவின் குன்ஷான் நகரில் டென்மார்க்கும் முதன்முறையாக வாகை சூடின. ஆசியாவுக்கு வெளியே கோப்பை சென்றது அந்த 2016இல்தான். 2024 வரை நடந்த 33 போட்டிகளில் இந்தோனேசியா 14 முறையும், சீனா 11 முறையும், மலாயா என்ற பெயரில் பெற்றவை உட்பட மலேசியா 5 முறையும் வென்றுள்ளன.

இந்தியாவின் காத்திருப்பு

நம் நாட்டில் சிறந்த வீரர்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1980இல் பிரகாஷ் படுகோனும், 2001இல் கோபிசந்தும் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றனர். ஆயினும் தாமஸ் கோப்பை எட்டாக்கனியாகவே இருந்தது. 1979இல் அரையிறுதி வரை சென்ற அணி, டென்மார்க்கிடம் தோற்றுத் திரும்பியது. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழிக்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

தோப்பு உருவானது 2022இல். பாங்காக்கில் கால் இறுதியில் மலேசியாவையும், அரையிறுதியில் டென்மார்க்கையும் இந்தியா 3-2 என வென்றது. இரு நாள்களிலும் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கி வெற்றியை முடித்துக்கொடுத்தவர் பிரணாய். அரையிறுதியில் களத்தில் வழுக்கிக் கணுக்காலில் அடிபட்டபோதும், முதற்சுற்றை இழந்தபின்னும், அவர் பின்வாங்கவில்லை. மே 15ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் லக்சயா சென், சாத்விக்–சிராக் இணை, ஸ்ரீகாந்த் ஆகியோர் அடுத்தடுத்து வென்றனர். 14 முறை வாகை சூடிய இந்தோனேசியா 3-0 என வீழ்ந்தது.

முடிவுரை

மூன்று வெற்றிகளிலேயே கோப்பை கைக்கு வந்தமையால், இறுதி நாளில் பிரணாய் களமிறங்கவே நேரவில்லை. அவர் மட்டையைத் தொடாத அந்நாளின் வெற்றியிலும் அவர்க்குப் பங்குண்டு என்பதை யார் மறுப்பர்? ஐந்தாமவர் ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்னும் துணிவே முதலாமவர்க்கு வலிமையாகிறது. தாமஸ் கோப்பை முக்கால் நூற்றாண்டாக உணர்த்திவரும் இவ்வுண்மை விளையாட்டுத் திடலுக்கு மட்டுமன்றி, வகுப்பறைக்கும் வாழ்க்கைக்கும் பொருந்துவதாகும் என்பதை நாம் நெஞ்சில் கொள்வோமாக.