அத்தாவும் பச்சை, மகளும் பச்சை

பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம்! சாதாரணச் செருப்பா அது? வெர்சாச்சே! அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரில் இப்படி ஒரு காட்சி. தேனிப் பக்கம் கம்பத்தில் எங்கள் எதிர்வீட்டு நன்னி, பேத்தியின் போனில் இதைப் பார்த்துவிட்டு, "அங்கேயுமாடி?" என்று சிரித்ததில் வெற்றிலை புரையேறிவிட்டது.

தொடரின் பெயர் 'மிஸ் மார்வெல்'. 2022 ஜூன் 8 அன்று தொடங்கியது, ஆறே பகுதிகள். ஜெர்சி சிட்டியில் குடியேறிய பாகிஸ்தான் குடும்பத்துப் பெண் கமலா கான், வயது 16. காமிக்ஸில் அவளை உருவாக்கியவர்களில் ஒருவரான சனா அமானத்தும் நியூ ஜெர்சியில் அப்படி வளர்ந்தவர்தான். காமிக்ஸ் கமலா ரப்பர் போல நீளுவாள், வீடு உயரத்துக்கு வளருவாள். திரையில் அதை ஒளியாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போமா? கமலாவாக நடித்த இமான் வெள்ளானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். நடிகை தேடும் அறிவிப்பு அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? குடும்பத்து ஆன்ட்டி ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் ஃபார்வர்டில்! ஏதோ ஏமாற்று வேலை என்றே முதலில் நினைத்திருக்கிறார். (நாமும் அதைத்தானே நினைப்போம்?) பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் வேடம் உறுதியானது. அதற்கும் முன்பே ஒரு ஹாலோவீனுக்கு, பாட்டி தைத்துக் கொடுத்த மிஸ் மார்வெல் உடையில் பள்ளிக்குப் போயிருக்கிறார். அது யார் வேடம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லையாம்!

எனக்கு உயிரான காட்சி முதல் பகுதியில் வருகிறது. ரசிகர் விழாவுக்குத் தனியாகப் போகக் கேட்கிறாள் மகள். முகம் முழுக்கப் பச்சை பூசி, பச்சை சல்வார் கமீஸில் சூப்பர் ஹீரோ ஹல்க்காக வந்து நிற்கிறார் அப்பாவாக நடித்த மோகன் கபூர். "நான் பெரிய ஹல்க், நீ குட்டி ஹல்க்" கதை. மகளுக்கு மானம் போகிறது. 'அப்பு' என்று அவள் கூப்பிடுவதை 'அத்தா' என்று மாற்றினால் போதும், உத்தமபாளையத்தில் எந்த வீட்டிலும் நடக்கும்.

ஈத், நிக்காஹ் பகுதிகளை இயக்கியவர் மீரா மேனன். கராச்சிப் பகுதிகளை இரண்டு ஆஸ்கர் வென்ற ஷர்மீன் ஒபைத் சினாய் இயக்கினார். ஆனால் திரையில் தெரியும் அந்தக் கராச்சித் தெருக்கள் பாங்காக்! பாரதிராஜா பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் வாய் பிளக்கலாமா?

1947 பிரிவினை ரயிலும் கதைக்குள் வருகிறது. மதுரையிலிருந்து தேனிக்கு 11 ஆண்டுக்குப் பிறகு ரயில் திரும்பி வந்ததும் அதே 2022 மே மாதக் கடைசியில்தான். அதனாலோ என்னவோ, ஸ்டேஷன் காட்சியில் நன்னி சிரிக்கவே இல்லை. போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதியில் அம்மாவே மகளுக்கு சூப்பர் ஹீரோ உடை தைத்து நீட்டுகிறார். தொடரின் உடைகள் அர்ஜுன் பாசின் கைவண்ணம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, நன்னி காட்சியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தையலை உற்றுப் பார்த்தார்.

"கையில கொஞ்சம் துணி விட்டுத் தைச்சிருக்கலாம். வளர்ற பிள்ளைல்ல."