காஞ்சிச் சாலைகளும் காக்க வேண்டிய உயிர்களும்

பட்டும் கோயிலும் காஞ்சி மாநகரின் இரு பெருமைகள். அவற்றை நாடி வருவோருள் பெரும்பாலோர் சாலை வழியாகவே வருகின்றனர். அச்சாலைகளில் உயிர்கள் மடியும்போது, ‘விதி’ என்னும் ஒரு சொல்லால் நாம் அதனைக் கடந்து விடுகிறோம். அது விதியன்று, திட்டமிட்டால் பெரிதும் தவிர்க்கத்தக்க இழப்பே ஆகும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலமே நாட்டில் முதலிடம் பெற்றது. உயிர் தப்பியும் உறுப்பிழந்தோர் இறந்தோர் கணக்கில் சேர்வதில்லை. குழித்தறியில் கையோடு காலும் உழைக்க வேண்டும். நெசவாளர் ஒருவரின் கால் முடங்கினால் தறி நின்று விடுகிறது. அதனை நம்பிய குடும்பமும் நின்று விடுகிறது.

இடர் எங்கே உள்ளது?

செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி செல்வது மாநில நெடுஞ்சாலை 58. கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள், தொழிற்சாலைப் பேருந்துகள், இருசக்கர வாகனங்கள், மிதிவண்டிகள், நடந்து செல்வோர் என அனைவரும் ஒரே சாலையைப் பகிர்ந்து கொள்கின்றனர். எடையிலும் வேகத்திலும் ஒவ்வாதவை அருகருகே செல்வதே இடருக்கு மூலமாகும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மனித உடல் அதனைத் தாங்குவதற்கில்லை.

மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைப்பதே அரசின் கடமை. இக்கொள்கையை 1997இல் சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் ஏற்றது.

செய்ய வேண்டுவன

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவிக்கு 2021இல் ஒப்பந்தமான சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித் திட்டத்தில், செங்கற்பட்டு–காஞ்சிபுரம் சாலையும் புறவழிச் சாலைகளும் இடம்பெற்றன. கனரக வாகனங்களை ஊருக்குள் வாராமல் திருப்புவது நன்றே. ஆயினும் அகன்ற சாலை வேகத்தையும் வளர்க்கும். எனவே ஊர் நுழைவாயில்களில் வேகத்தடுப்பு, நடுத்திட்டு, நடைமேடை, விளக்கு, பள்ளிகளின் அருகே பாதுகாப்பான கடவு ஆகியவை சாலையோடு சேர்த்தே அமைக்கப்பெற வேண்டும். விபத்து மிகும் இடங்களைக் கண்டறியச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் துணை செய்கிறது. எந்த வளைவில் பலர் வீழ்ந்தனர் என்று அறிந்தால், அவ்வளைவைத் திருத்தலாம்.

விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் அரியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறித்த வரம்புக்குள் கட்டணமின்றி அளிக்க வகை செய்தது. நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்குகளிலிருந்து காக்க 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் இடம் தந்தது. வழக்குக்கு அஞ்சி விலகிச் செல்லக் காரணம் இனி இல்லை.

நம் கடமை

தரமான தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கும். மாணவர்கள் அதனை அணிவதோடு, தம் ஊரின் இடர்மிகு இடங்களைக் குறித்து நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதலாம். ஊர்ப் பெரியோர் அவ்விண்ணப்பத்திற்கு வலுவூட்டலாம். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் அறமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றிய கைகள், இன்று பிழையான சாலையமைப்பையும் அகற்ற முன்வருதல் வேண்டும்.